நான் கூப்பிட்டு வந்த காகம்

ஓசூர், 6 நவம்பர் 1957, புதன்

படுத்தும் தூக்கம் வராமல் எழுந்து எழுதுகிறேன். காலையில் வீட்டுக்காரர் முனியப்பாவின் கோழிக்குஞ்சைக் காகம் ஒன்று தூக்கிப் போய்விட்டது. தினமும் என் கையில் சோறு தின்னும் காகத்தின் மேல் அவருக்குச் சந்தேகம். கவணோடு வந்து நின்றார்.

"நீ கூப்ட்டா வருமில்ல? கூப்புடுப்பா."

"அது எடுத்திருக்காதுங்க."

"இந்த ஊட்ல குடியிருக்கணும்னா கூப்புடு."

கூப்பிட்டேன். வந்தது. கல் இறக்கையில் பட்டது. தள்ளாடிப் பறந்து புங்க மரத்தில் உட்கார்ந்தது.

மனதை மாற்ற, செவ்வாய்க் கிரகக் கதையை எடுத்தேன். பூமியிலிருந்து போனவன் வெறுங்கையை நீட்ட, அந்த உலகத்தார் நம்பி அருகே வருகிறார்கள். பலமுறை ரசித்த இடம். இன்று அதற்குமேல் படிக்க முடியவில்லை.

சாயங்காலம் சோறு வைத்தேன். காகம் இறங்கவில்லை. வாசலில் முனியப்பாவும் நின்றார். அது என்னை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தது.