கண்ணைக் காட்டப் போய் வயிறு மாட்டிக்கொண்டது

என் செல்ல வாயாடிக்கு,

அம்மா எழுதுகிறேன். நாங்கள் இரண்டு பேரும் சுகமாக இருக்கிறோம். நீ நம்ப மாட்டாய் என்று தெரியும், அதனால் இன்னொரு தடவையும் எழுதிவிடுகிறேன், சுகமாகத்தான் இருக்கிறோம். நீயும் உடம்பும் மனசும் நல்லபடியாக இருக்கிறாய் என்ற நினைப்போடுதான் பேனாவை எடுத்தேன். கையில் போனை வைத்துக்கொண்டு இவள் எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று கேட்பாய். கண் டாக்டர் திரை பார்ப்பதைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார், அது ஒன்று. போனில் நீ என்னை ஒரு பேச்சையும் முடிக்க விட்டதில்லை, காகிதத்தில் குறுக்கே பேச முடியாது, அது இன்னொன்று.

முதல் சேதி, உன் அப்பா நிரபராதி. போன மாதம் வீடியோவில் பேசியபோது என் கண் சிவந்து கன்னத்தில் தண்ணீர் வழிவதைப் பார்த்துவிட்டு, நீ அவரைத் தனியாகக் கூப்பிட்டு "அம்மாவ என்ன பண்ணீங்க, மறைக்காம சொல்லுங்க" என்று அரை மணி நேரம் குடைந்தாயாம். அந்த மனிதரும் கேட்டது கேட்காதது எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டிருக்கிறார். என் நீலக் கண்ணாடிக் கிண்ணத்தை உடைத்துவிட்டுப் பக்கத்து வீட்டுப் பூனை மேல் பழி போட்டது, ரிப்பேருக்குப் போயிருக்கிறது என்று நாலு வருஷமாகச் சொல்லி வந்த என் தையல் மெஷின் உன் அத்தை வீட்டில் ஓடிக்கொண்டிருப்பது, எல்லாம். அத்தனையையும் நீ எனக்கு வரி விடாமல் அனுப்பிவைத்தாய், அதற்கு நன்றி. நாலு வருஷமாக ஒரு பாவமும் அறியாத ரிப்பேர் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். ஆனால் என் கண்ணீருக்கும் இவற்றுக்கும் சம்பந்தம் இல்லை. அழவில்லை, கண்ணில்தான் கோளாறு என்று நான் போனில் பத்து தடவை சொன்னேன், நீ "அப்படித்தான் எல்லா அம்மாவும் சொல்லுவாங்க" என்று வைத்துவிட்டாய். ஆகவே முழுக் கதையையும் கேள்.

ஏழெட்டு மாதமாகவே கண்ணில் மணலை அள்ளிப் போட்ட மாதிரி ஒரு உறுத்தல் இருந்தது. அப்புறம் நினைத்த நேரத்தில் தண்ணீர் கொட்ட ஆரம்பித்தது. என் வேலைதான் உனக்குத் தெரியுமே, மெத்தைக் கம்பெனியில் புகார் மேசை. பத்து வருஷ உத்தரவாதம் என்று நம்பி வாங்கின மெத்தை இரண்டாம் வருஷமே பள்ளம் விழுந்துவிட்டது என்று வருகிறவர்கள் யாரும் சிரித்துக்கொண்டு வருவதில்லை. ஒருநாள் பலசாலியாக ஒரு லாரி டிரைவர் வந்தார். முதுகு போயிற்று என்று மேசையை ஒரு தட்டுத் தட்டினார் பார், பேனா ஸ்டாண்டு கவிழ்ந்தது. நான் விண்ணப்பத்தை எடுத்து நீட்ட நிமிர்ந்தேன், ஏசி காற்று நேராக முகத்தில் அடித்தது, இரண்டு கண்ணிலும் குழாய் திறந்துகொண்டது. மனிதர் வெலவெலத்துப் போனார். "ஐயோ, அழாதீங்கம்மா, மெத்தைதானே, நான் திருப்பிப் போட்டுப் படுத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டுப் புகாரை எழுதாமலே போய்விட்டார். போகும்போது கவிழ்ந்த பேனாக்களையும் அடுக்கி வைத்தார். அன்றைக்கே நான் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ருசி கண்டுவிட்டேன், ஒத்துக்கொள்கிறேன். ஒரு மாதத்தில் புகார் பாதியாகக் குறைந்தது. எங்கள் மேனேஜருக்கு ஸ்பிரிங் என்று பெயர் வைத்திருக்கிறோம், எத்தனை அமுக்கினாலும் மறுநிமிஷம் எழும்பி நிற்பார். அவர் மெல்ல மெல்லப் பெரிய சண்டைக்காரர்களை எல்லாம் என் மேசைக்கே அனுப்ப ஆரம்பித்தார். தலைமை அலுவலகத்திலிருந்து எனக்குப் பாராட்டுக் கடிதம் வேறு வந்தது, வாடிக்கையாளர் மனம் அறிந்து நடப்பவராம்! இந்தப் பக்கம் எங்கள் கேஷியர் அக்கா, எனக்கு வீட்டில் ஏதோ பெரிய துக்கம் என்று ஆபீஸ் முழுக்கச் சொல்லி முடித்துவிட்டார். சாயங்காலம் என்னை அழைத்துப் போக அப்பா வந்தால் வாட்ச்மேன் முன்பெல்லாம் சலாம் வைப்பார். இப்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு, வண்டியை இங்கே நிறுத்தக் கூடாது என்றாராம். அப்பா வீட்டுக்கு வந்து, "நான் என்ன பண்ணேன், அந்த ஆளு என்னைக் கொலைகாரன் மாதிரி பாக்கறாரு" என்று புலம்பினார். அதற்கு மேல் எனக்கே மனசு கேட்காமல் டாக்டரிடம் போகச் சம்மதித்தேன்.

கண் டாக்டர் உன் வயசுப் பெண். கீழ் இமைக்குள் சின்னக் காகிதத் துண்டு ஒன்றைச் செருகி ஐந்து நிமிஷம் கண்ணை மூடி உட்காரச் சொன்னார். எடுத்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்குக் கண் வறட்சிம்மா" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தாரை தாரையாகக் கொட்டுகிறதே, இதுவா வறட்சி என்று கேட்டேன். கண்ணை எப்போதும் ஈரமாக வைத்திருக்கிற நல்ல கண்ணீர் குறைந்து போனால் கண் எரியும், எரிச்சல் தாங்காமல் கண் அவசரத்துக்குத் தண்ணீரைக் கொட்டும், அந்தத் தண்ணீர் நிற்காமல் வழிந்து போய்விடும் என்று விளக்கினார். அது வரைக்கும் சரி. அடுத்த கேள்வி, "வயிறு எப்படி இருக்கு?" நான் கதவில் மாட்டியிருந்த பலகையைத் திரும்பிப் பார்த்தேன், கண் என்றுதான் போட்டிருந்தது. நல்லா இருக்கு என்று கௌரவமாகச் சொன்னேன். அவ்வளவுதான், அதுவரை மூலையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு பரமசாதுவாக உட்கார்ந்திருந்த உன் அப்பா வாயைத் திறந்தார். "பொய் டாக்டர்" என்று தொடங்கி, நெஞ்செரிச்சல், உப்புசம், மூன்று நாளைக்கு ஒருமுறை கழிப்பறைக்குள் நான் நடத்துகிற தவம், மத்தியானச் சாப்பாட்டை ஐந்து நிமிஷத்தில் விழுங்குவது, கொண்டு போன தண்ணீர்ப் பாட்டிலை அப்படியே திருப்பிக் கொண்டுவருவது என்று முப்பது வருஷமாகச் சாட்சி சொல்லக் காத்திருந்தவர் மாதிரி கொட்டித் தீர்த்தார். மெத்தைத் தூசிக்குத் தும்மல் வருகிறது என்று இரண்டு வருஷமாக நானே கடையில் வாங்கித் தினம் போட்டுக்கொள்ளும் அலர்ஜி மாத்திரையையும் விடவில்லை. என் மானம் கப்பலேறியது. டாக்டர் சிரிக்காமல் எழுதிக்கொண்டார். கண் வறட்சி இருக்கிறவர்களில் நிறையப் பேருக்கு வயிற்றுத் தொல்லையும் கூடவே இருப்பதைப் பார்க்கிறார்களாம். குடலில் இருக்கிற கிருமிகளுக்கும் கண்ணுக்கும் ஏதோ தொடர்பு இருக்கலாம் என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறார்களாம், எது எதனால் என்று இன்னும் உறுதியாகச் சொல்ல முடியாதாம். "இதைச் சொல்லி யாராவது பவுடர் வித்தா வாங்கிடாதீங்க" என்றார். ஆனால் அந்த அலர்ஜி மாத்திரை கண்ணையும் காய வைக்கும், மலச்சிக்கலையும் கொண்டுவரும், அது தெரிந்த விஷயம்தான் என்றார். கடைசியில் வாய் உலர்ந்து போகிறதா, தண்ணீர் இல்லாமல் ஒரு பிஸ்கட்டை விழுங்க முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். அவர் முகம் கொஞ்சம் மாறியது. கண்ணீர்ச் சுரப்பி, எச்சில் சுரப்பி எல்லாவற்றையும் உடம்பே தாக்கிக்கொள்கிற ஒரு நோய் உண்டு, அது இல்லை என்று உறுதி செய்துகொள்ளலாம் என்று ரத்தப் பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தார்.

முடிவு வர ஒரு வாரம் ஆகும் என்றார்கள். அந்த வாரத்தில் அப்பா என்னைக் கேலி செய்யவில்லை, அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. தக்காளி சூப் வைத்துக் கொடுத்தார், உப்புப் போட மறந்திருந்தார், நானும் சொல்லாமல் குடித்தேன். பேப்பரை விரித்துக்கொண்டு ஒரே பக்கத்தை முக்கால் மணி நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். பேப்பருக்குள் போன் இருந்தது, போனில் அந்த நோய் இருந்தது. முடிவு தெரியும் வரை அந்தப் பரிசோதனையைப் பற்றி உன்னிடம் மூச்சுவிடக் கூடாது என்று அவரிடம் சத்தியம் வாங்கியிருந்தேன். நீ வீடியோவில் கூப்பிட்டது அந்த வாரத்தின் நடுவில்தான். இப்போது புரிகிறதா? நீ குடைந்தபோது அந்த ஒன்றைக் காப்பாற்ற வேண்டித்தான் மனிதர் கிண்ணத்தையும் தையல் மெஷினையும் தூக்கி உன் முன்னால் போட்டிருக்கிறார். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை, நீ அனுப்பிய பட்டியலைப் படிக்கும்போது எனக்கே விளங்கியது. எழுந்து போய் அவர் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். "என்ன, கண்ணு எரியுதா?" என்றார். ஆமாம் என்றேன்.

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. அந்த நோய்க்கான அறிகுறி எதுவும் ரத்தத்தில் இல்லை, ஆறு மாதம் கழித்து இன்னொரு தடவை பார்த்துக்கொள்ளலாம், கவலைப்படாதீர்கள் என்றார் டாக்டர். அப்பா அங்கேயே, ஆஸ்பத்திரி வாசலிலேயே, "அப்போ தினமும் பிஸ்கட்டுக்குத் தண்ணி கேக்கறது வெறும் கொழுப்புதானா" என்று கேட்டார். கேலி திரும்பி வந்ததும் எனக்குப் பாதி உயிர் வந்தது. மாத்திரையை நிறுத்திவிட்டு மூக்குக்கு ஸ்பிரே கொடுத்தார்கள், கண்ணுக்குச் சொட்டு மருந்து, காலையில் வெதுவெதுப்பான துணியை இமை மேல் பத்து நிமிஷம் போட்டுக்கொள்ள வேண்டும். வயிற்றுக்குத் தண்ணீர், பழம், காய், நிதானமாகச் சாப்பிடுவது. ஐந்து வாரம் ஆகிறது. கண்ணில் மணல் குறைந்துவிட்டது. வயிற்றைப் பற்றி நல்ல சேதிகள் உண்டு, நீ சாப்பிட்டுக்கொண்டே படிப்பாய் என்பதால் விவரமாக எழுதவில்லை.

இதில் நஷ்டப்பட்டவர் ஸ்பிரிங்தான். என் குழாய் அடைபட்டதும் சண்டைக்காரர்கள் பழையபடி மேசையைத் தட்ட ஆரம்பித்துவிட்டார்கள். போன வாரம் பக்கத்தில் வந்து குனிந்து, "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க, அந்தச் சொட்டு மருந்த ஆபீஸ் நேரத்துல மட்டும் விடாம இருக்க முடியுமா?" என்று கேட்டாரே பார்க்கலாம்! நான் கோபப்படவில்லை. எங்கள் ஆபீசில் பெண்களுக்கான கழிப்பறை மூன்றாம் மாடியில், குடோனைத் தாண்டி இருக்கிறது. சாவி ஸ்பிரிங்கின் மேசை இழுப்பறையில். ஒவ்வொரு தடவையும் அவர் முன்னால் போய் நின்று கேட்க வேண்டும், அவரும் "மறுபடியுமா?" என்பார். அதற்குக் கூசித்தான் நானும், கேஷியர் அக்காவும், போன் எடுக்கிற பெண்ணும் காலையிலிருந்து தொண்டையை நனைத்ததில்லை. கீழ்த்தளத்தில் பளபளவென்று ஒன்று இருக்கிறது, தலைமை அலுவலகத்துக்காரர்கள் வருஷத்துக்கு இரண்டு முறை வந்தால் திறப்பதற்கு. நான் சொன்னேன், "தாராளமா நிறுத்தறேன் சார். ஆனா ஏம்மா அழறீங்கன்னு யாராவது கேட்டா, சாவி கேக்கப் பயந்து தண்ணி குடிக்காம வயிறும் கண்ணும் காஞ்சுபோச்சுன்னு உள்ளத உள்ளபடி சொல்லிடுவேன்." தண்ணீர் விஷயத்தை டாக்டர் வயிற்றுக்குத்தான் சொன்னார், கண்ணை நானாகச் சேர்த்துக்கொண்டேன், உன்னிடம் மட்டும் சொல்கிறேன். என் எதிரே ஒரு தம்பதி புகாரோடு உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தது என் அதிர்ஷ்டம். மறுநாள் காலையில் கீழ்த்தளத்துச் சாவி என் மேசைப் பக்கச் சுவரில் ஆணியடித்துத் தொங்கியது. இப்போது மூன்று பேரும் ஆளுக்கொரு பெரிய பாட்டிலோடு உட்கார்ந்திருக்கிறோம். கேஷியர் அக்கா முப்பது வருஷத் தாகத்தையும் சேர்த்துக் குடிக்கிறார்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். அந்த வீடியோவில் நான் உன்னையும் பார்த்தேன். பதினெட்டு நிமிஷத்தில் நாலு முறை கண்ணைக் கசக்கினாய், கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே எதையோ மென்றாய், எதைத் தின்கிறாய் என்று கேட்டதற்குத் தட்டைக் குனிந்து பார்த்துத்தான் பதில் சொன்னாய். தட்டை எடுத்துக்கொண்டு வேறு இடத்தில் போய் உட்கார். இமையைக் கொட்டு. உறுத்தல் இருந்தால் ஒரு டாக்டரைப் பார், வயிற்றைப் பற்றிக் கேட்டால் உன் அம்மா மாதிரி கௌரவம் பார்க்காதே. நீண்ட ஆயுளோடும் நிறைந்த மனசோடும் இரு, நல்ல தூக்கமும் நல்ல பசியும் உனக்குக் கிடைக்கட்டும் என்று நாங்கள் இரண்டு பேரும் மனமார ஆசீர்வதிக்கிறோம்.

ஒன்று மட்டும் மறக்காதே. எங்கள் வழக்கைத் தீர்த்து வைக்க நீ பத்து நாள் லீவு கேட்டிருப்பதாக அப்பா சொன்னார். இந்தக் கடிதத்தைப் படித்ததும் நோயும் இல்லை சண்டையும் இல்லை, எதற்கு வீணாக என்று அதை ரத்து செய்யக் கை போகும். செய்யாதே. ஆபீசில் காரணம் கேட்டால் சொல்லு, நாங்கள் ஒரு சண்டை போட்டு வைக்கிறோம், அப்பா இப்போதே தயாராகத்தான் இருக்கிறார். எனக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை, ஆனாலும் வா.

உன் வரவுக்குக் கண் இமைக்காமல், இல்லை இல்லை, டாக்டர் சொன்னபடி நன்றாக இமைத்துக்கொண்டே காத்திருக்கும்,
அம்மா