இசக்கியிடம் அழுத அத்தானுக்கு

என் உயிரான அத்தானுக்கு,

நீங்கள் போன பிறகு ஆற்றில் ஒரு வெள்ளம் வந்து வடிந்துவிட்டது. வீட்டில் எல்லாரும் சுகம். நான் மட்டும் வயிறெரிந்துகொண்டிருக்கிறேன்.

ஏன் என்று கேட்கிறீர்களா? கள்ளுக்கடை வாசலில் மொச்சை அவித்து விற்கிறாளே இசக்கி, அவள் உங்கள் சாவுக்குத் துட்டி கேட்க வந்திருந்தாள். உள் அறையை எட்டிப் பார்த்து, "இங்கனதான் நம்ம லீதியாப் பிள்ள கெடந்தாளாம்மா?" என்றாள்.

நம்ம லீதியாவாம். நான் சுமந்து பெற்ற மகள். அவள் வாந்திபேதியில் போன நாளிலிருந்து அவள் பெயரை என் முன்னால் நீங்கள் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. நான் பேச்செடுத்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவீர்கள். திரும்பி வரும்போது கள்வாடை வரும். கெட்ட சகவாசம் என்றார் உபதேசியார். கொழுப்பு என்றான் என் தம்பி. கள்தான் எனக்கு வாய்த்த சக்களத்தி என்று நான் நினைத்திருந்தேன். இல்லை, இந்த மொச்சைக்காரிதான்.

"ஐயா தெனமும் சொல்லிச் சொல்லி அழுவாவம்மா," என்றாள். "பிள்ள தண்ணி தண்ணின்னு கேட்டுதாம். வைத்தியர் குடுக்கப்படாதுன்னுட்டாராம், ஐயாவும் குடுக்கலியாம். அவ போன பொறவு மனசு கேக்காம, அதே பேதியில கெடந்த ஒங்களுக்குச் செம்புல மோந்து மோந்து குடுத்தாவளாம். நீங்க பொழச்சிட்டிய. 'அவ மொகத்தப் பாத்தா அந்தச் செம்புதான் தெரியுது இசக்கி'ம்பாவ."

அப்படியா அத்தான்? என் முகம்தானா உங்களைத் துரத்தியது? குடித்தால்தான் இந்த வீட்டுப் படி ஏற முடிந்ததா?

வைத்தியர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நானும் பக்கத்துப் பாயில்தானே கிடந்தேன். என்னிடம் சொல்லியிருந்தால், நானாக இருந்தாலும் கொடுத்திருக்க மாட்டேன் என்று சொல்லியிருப்பேனே. அந்த ஒரு வார்த்தையை இசக்கியால் சொல்ல முடியுமா? அவளுக்கு மொச்சையை இலையில் மடித்துக் கொடுக்கத்தான் தெரியும்.

குடியால் வந்த மகோதரம் என்றார் ஆஸ்பத்திரி டாக்டர், உங்கள் வீங்கிய வயிற்றைத் தட்டிப் பார்த்து. குடி எதனால் வந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. நானும் நீங்கள் ஒளித்துவைத்த குப்பியைத்தான் தேடினேன்.

இசக்கி கெட்டவள் இல்லை. அதுதான் இன்னும் எரிகிறது. போகும்போது, "ஐயா இன்னும் எம்புட்டோ சொல்லியிருக்காவம்மா. பைய ஒருநா வந்து சொல்லுதேன்," என்றாள். எம்புட்டோவாம். இத்தனை வருஷம் கூட இருந்த எனக்கு என்ன மிச்சம் வைத்தீர்கள்?

ஒன்று மட்டும் சொல்கிறேன். அவள் வரட்டும். பாய் விரித்து உட்காரவைத்து, கருப்பட்டித் தண்ணி போட்டுக் கொடுத்து, ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்குவேன். பல்லைக் கடித்துக்கொண்டாவது வாங்குவேன். என் புருஷன் அழுத அழுகையில் ஒரு சொட்டுக்கூட அவளிடம் விட்டுவைக்க மாட்டேன்.

உங்கள் அத்தை மகளும்
லீதியாவின் அம்மாவுமான,
பாக்கியம்