கருத்தையா காப்பும் எட்டயபுரத்தில் நின்ற பஸ்ஸும்

புதூர்
12.3.1998

அன்பு மருமகள் உமாதேவிக்கு, கரிசல் சீமை முழுவதற்கும் முடிசூடா மாமனாகிய சீனி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் கொல்லையில் நிற்கும் எருமையும் சுகம், மூவரில் எருமை மட்டும்தான் பேச்சுக் கேட்கிறது. அங்கே பூனாவில் நீயும் மாப்பிள்ளை இசக்கிராஜாவும், இன்னும் வெளியே வராமலே எங்களை எல்லாம் ஆட்டிவைக்கிற உன் வயிற்றுப் பெரிய மனுஷரும் சுகமாக இருக்க வேண்டும். இப்போது நான் எழுதப்போகிற கதையை ஈரேழு உலகத்திலும் ஒருத்தர் நம்பமாட்டார் என்று சுடலைமாடன் மேல் ஆணையாகச் சொல்கிறேன். நீயும் நம்ப வேண்டாம், ஆனால் கடைசி வரி வரைக்கும் படி.

உன் கடிதம் வந்தது. உன் அப்பா போனதிலிருந்து நீ எழுதுகிற கடிதத்தை உன் அம்மாவுக்குப் படித்துக் காட்டுவதும் பதில் எழுதுவதும் என் உத்தியோகம்தானே, படித்தேன். வளைகாப்பு அன்றைக்குக் கருத்தையா தாத்தாவின் வெள்ளிக் காப்பு உன் கையில் ஏறவில்லை என்றால் நீ ஊருக்கே வரமாட்டாய், பிள்ளை பூனாவிலேயே பிறக்கட்டும் என்று எழுதியிருக்கிறாய். உன் அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்துவிட்டாள். ஏலே சீனி, அது ஆம்பளை போட்ட காப்பு, போய்ச் சேர்ந்தவர் கையில கிடந்தது, பிள்ளைத்தாச்சி கையில அதை ஏத்துனா பாக்குதவ வாய் சும்மா இருக்குமா, அழிச்சுத் தண்டையா அடிச்சுப் பிள்ளை காலுல போடுதேன், அதுவும் அய்யா வெள்ளிதானலே என்றாள். அவள் பேசும்போது அவள் சொல்வதுதான் நியாயம் என்று பட்டது. திரும்ப உன் கடிதத்தைப் படித்தேன், நீ சொல்வதுதான் நியாயம். காலையில் உன் கட்சி, மத்தியானம் சாப்பாடு போடுகிறவள் கட்சி, சாயங்காலம் எந்தக் கட்சி என்று எருமையைத்தான் கேட்க வேண்டும். கோவில்பட்டி ஆசாரி வேறு வந்து பார்த்துவிட்டு, ஒரு பக்கம் தேஞ்சு தட்டையாக் கிடக்கே அண்ணாச்சி, இது இனி உருக்கத்தான் லாயக்கு என்று சொல்லிவிட்டுப் போனான்.

அந்தத் தட்டை எப்படி வந்தது என்று உனக்குத் தெரியும். வேலமரத்து நெற்றை உலுக்கும் முன்னால் தாத்தா தொரட்டிக் கம்பின் இரும்புப் பூணில் காப்பைத் தட்டுவார், ரெண்டு தட்டு, கொஞ்சம் பொறுத்து ஒரு தட்டு. காட்டில் எந்த மூலையில் மேய்ந்தாலும் ஆடுகள் ஓடி வந்துவிடும். நீயும் வருவாய். வந்து உன் ரெண்டு கையையும் சேர்த்து அந்த ஒரே காப்புக்குள் நுழைத்துக்கொண்டு, திருடி மாட்டிக்கிட்டேன், திருடி மாட்டிக்கிட்டேன் என்று கத்துவாய், அவர் போலீஸ்காரர் மாதிரி உன்னை வீடு வரைக்கும் நடத்திக் கூட்டி வருவார்.

அவர் காலமான பிறகு ஆண்பிள்ளை என்று எனக்குக் கொடுத்தார்கள், நானும் போட்டுக்கொண்டேன். அதிலிருந்து எனக்கு ஒன்றும் விளங்கவில்லை உமா. தலையைச் சொறிந்தால் வேறு யாரோ சொறிந்துவிடுகிற மாதிரி இருக்கிறது. சோற்றைப் பிசையும்போது இந்தக் கை எனக்கு முன்னால் சாப்பிட்டுவிடுமோ என்று பயமாக இருக்கிறது. ஆசாரியிடம் கொடுக்கக் கழற்று என்று உன் அம்மா சொன்னபோது கழன்று வரமாட்டேன் என்கிறது என்றேன். விளக்கெண்ணெய் கொண்டுவந்தாள், சோப்பு கொண்டுவந்தாள், ஊரில் பாதிப்பேர் ஒரு பக்கமும் என்னை ஒரு பக்கமுமாக நிறுத்தித் தேர் இழுக்கிற மாதிரி இழுத்தார்கள், என் கை மூன்று முழம் நீண்டதே தவிரக் காப்பு அசையவில்லை. கடைசியில் கையோட சேத்து ஆசாரிகிட்டக் கொண்டு போறேன், வெட்டி எடுக்கட்டும் என்று என்னைக் கோவில்பட்டி பஸ்ஸில் ஏற்றிவிட்டாள், அவளும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

இனிமேல்தான் கதை. எட்டயபுரத்தில் பஸ் நின்றது. டிரைவர் டீ குடிக்கப் போனவர் தேயிலைத் தோட்டத்துக்கே போய்விட்டார் போல, ஆளைக் காணோம். நான் சும்மா இருக்கமாட்டாமல் ஜன்னல் கம்பியில் காப்பைத் தட்டினேன், ரெண்டு தட்டு, கொஞ்சம் பொறுத்து ஒரு தட்டு. அவ்வளவுதான். விளாத்திகுளம் பக்கமிருந்து புழுதி கிளம்பியது. மழை வருகிறது என்று சனங்கள் குடையை விரித்தார்கள். வந்தது ஆடு. ஆயிரமா, பத்தாயிரமா, அரண்மனைக்குள் நுழைந்து மறுவாசல் வழியாக வந்தது பாதி, பஸ்ஸுக்குள் ஏறியது மீதி. கண்டக்டர், ஏன் அண்ணாச்சி, இதுகளுக்கெல்லாம் டிக்கெட் எடுத்தியளா, குட்டிகளுக்கு வேணா அரை டிக்கெட் போடுதேன் என்றார். கசாப்புக்கடை மைதீன் பாயின் கத்திக்குக் காத்திருந்த கிடாக்கள்கூட அவரையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டன, பாய் என்னைப் பார்த்து சீனி, உங்க கையை எனக்கு வாடகைக்குத் தாரியளா, நான் சந்தைக்கே போக வேண்டாமே என்று கேட்டார். மணியாச்சி ஜங்ஷனில் தண்டவாளமெல்லாம் ஆடாகி ரயில் நின்றதாம், மெட்ராஸ் போகிறவர்கள் எல்லாம் இறங்கிப் பால் கறந்து காப்பி போட்டுக் குடித்தார்களாம். இத்தனை ஆட்டையும் பார்த்துவிட்டுக் கோவில்பட்டி ஆசாரி துருத்தியைத் தூக்கிக்கொண்டு திருநெல்வேலிக்கு ஓடிவிட்டதாகக் கேள்வி.

இந்த இடத்தில் உன் அம்மா வந்து எட்டிப் பார்த்தாள். ஆசாரியிடம் கொடுத்தாச்சு என்று எழுதச் சொல்லியிருந்தாள், எழுதிட்டியாலே என்றாள், எழுதிட்டே இருக்கேன் அக்கா என்றேன். நின்றாள், போகவில்லை. அப்புறம், அதைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டாம்னு அவளுக்கு எழுது, அந்தத் தட்டையில சத்தம் மாறிரும் என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். உருக்கப்போகிற சாமானை யார் தேய்க்கப்போகிறார்கள், எனக்குத் தலை சுற்றுகிறது. உனக்கு விளங்கினால் எனக்கும் எழுது. விளங்கின மட்டும், நீ வளைகாப்புக்கு வரலாம் என்றுதான் தோன்றுகிறது. வேப்பிலைக் காப்புக்கு அடுத்து வெள்ளிக் காப்பை ஏற்றுவது தாய்மாமன் உரிமை, அதை நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கமாட்டேன். அன்றைக்கு அது எண்ணெயும் சோப்பும் இல்லாமலே என் கையிலிருந்து கழன்று வரும், பார். காப்பு உன் கைக்குப் பெரிதாக இருக்கும், நூல் சுற்றித் தருகிறேன், வேண்டுமானால் பழையபடி ரெண்டு கையையும் நுழைத்துக்கொள். ரயிலில் மேல் படுக்கையில் ஏறாதே, கண்ட இடத்தில் வடை வாங்கித் தின்னாதே, பொடிநடையாக நடந்து கொடு, மாப்பிள்ளையை முன்கூட்டியே லீவு போடச் சொல். பெற்றுப் பிழைத்து, நிறைந்த கையோடும் நிறைந்த மடியோடும் நீ நூறாண்டு இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
தன் கை எது, அய்யா கை எது என்று தெரியாத
உன் மாமன் சீனி

பின்குறிப்பு: ஆயிரம் ஆடு வரவில்லை, ரயிலும் நிற்கவில்லை. ஒன்று வந்தது. காது கிழிந்த அந்த மூளி ஆடு, தாத்தா போன பிறகு உன் அம்மா கீழத்தெருப் பத்திரகாளிக்கு விற்றாளே, அதுதான். பத்திரகாளி இப்போது ஆடும் தானுமாக எட்டயபுரத்தில் மகள் வீட்டோடு இருக்கிறாளாம். பஸ் மேல் முன்னங்காலைத் தூக்கி வைத்து நின்றுகொண்டு காப்பை நக்கியது. பிறகு என் முகத்தை ஏறிட்டுப் பார்த்தது, என்னைத் தாண்டி பஸ்ஸுக்குள் யாரையோ தேடியது, கொஞ்ச நேரம் தேடிவிட்டு இறங்கிப் போய்விட்டது. உன் அம்மா பையை எடுத்துக்கொண்டு அங்கேயே இறங்கி, எதிர்ப் பக்கம் போய், புதூர் பஸ்ஸுக்காக நின்றாள். அந்த ஒரு பங்கு மட்டும் நிஜம்.