டெலேனி செலவழித்த சீசன்

ஜனவரி 14

இன்று எல்ஸ்குரோவ் கல்லூரிக் கூடைப்பந்து அரங்கில் அடித்த குளிரில், அறிவிப்பாளர் சொன்ன பெயர்கள் காற்றிலேயே உறைந்து தரையில் உதிர்ந்தன. பெருக்கித் தள்ளிவிட்டுத்தான் ஆட்டத்தைத் தொடங்கினோம். கான்சாஸ் மாநிலத்தின் தலைசிறந்த ஸ்கோர் எழுதுபவனாகிய நான் (போட்டிக்கு யாரும் இல்லை) நடு மேசையில் வீற்றிருந்தேன். அக்கா மகள் டெலேனி, முதல் வருடம், வழக்கம்போல் பெஞ்சில்.

இந்தக் கூத்துக்கு ரெட்ஷர்ட் என்று பெயர். ஐந்து வருடத்தில் நான்கு சீசன் ஆடலாம். ஒரு சீசன் முழுக்க உட்கார்ந்தே கழித்தால் அது கணக்கில் வராது. ஒரே ஒரு விநாடி களத்தில் கால் வைத்தாலும் முழு சீசனும் போச்சு. கோச் ப்ரூயிட் அம்மாள் இவளைப் பின்னாளுக்காகச் சேமித்து வைக்கிறார்.

"பெஞ்ச் எப்படி இருக்கு?" என்றேன்.

"கதகதன்னு இருக்கு மாமா. இன்னும் ரெண்டு நாள்ல குஞ்சு பொரிச்சுடும்."

ஜனவரி 22

கல்லூரி விளையாட்டுச் சங்கம் இந்தச் சட்டத்தையே மாற்றப் போகிறதாம்! ஐந்து வருடம், ஐந்து சீசன், ரெட்ஷர்ட் ஒழிந்தது. ஏப்ரலில் வாக்கெடுப்பு. அது நிறைவேறினால் டெலேனி இப்போதே ஆடலாம், நஷ்டமில்லை. நிறைவேறாமல் போனால், இப்போது ஆடியதற்கு விலையாகப் பின்னாளில் ஒரு முழு சீசனை இழக்க வேண்டும்.

காபிக் கடையில் பிரகடனம் செய்தேன்: "வந்தாச்சுன்னே வெச்சுக்குங்க. தலைவர் பேனா மூடியைக் கழட்டின சத்தம் எனக்கு இங்க கேட்டுது." டெலேனியும் இருந்தாள். சிரிக்கவில்லை.

பிப்ரவரி 3

அணியில் மூவருக்குக் காய்ச்சல். மிச்சம் ஆறு பேர். டெலேனியைச் சேர்க்காமல்.

பிப்ரவரி 5

ஆட்டம் முடிந்து வந்த வேகத்திலேயே எழுதுகிறேன், எழுத்து கோணினால் கோணட்டும்.

நான்கு நிமிடம் பாக்கி. ஆறு பேரில் இரண்டு பேர் ஐந்தாவது ஃபவுலோடு வெளியே. களத்தில் நால்வர்தான். எதிரணி எட்டு புள்ளி முன்னால். டெலேனி எழுந்து நின்றாள்.

"உக்காரு. ஏப்ரல் வரைக்கும் பொறு," என்றார் கோச்.

"ஏப்ரல்ல ஆட்டம் இல்ல கோச். இப்பத்தான் இருக்கு."

"அந்தச் சட்டம் வரலேன்னா?"

"வரலேன்னா வரல. நாலு பேர் அடி வாங்கறதைப் பாக்கறதுக்கா இந்த உடுப்பை மாட்டியிருக்கேன்? நான் என்ன ஊறுகாயா, ஜாடியில மூடி வெக்க?"

கோச் ஒதுங்கி வழிவிட்டு, "போ," என்றார்.

என் மேசை முன்னால் வந்து நின்றாள். களமிறங்குபவளின் எண்ணுக்கு நேரே நான் ஒரு குறி போட வேண்டும். அந்தக் குறிதான் சீசனைத் தின்னும். பேனா ஒரு டன் கனத்தது. மிகையில்லை, ஒரு டன்.

"நல்லா யோசிச்சியா கண்ணு?"

"எழுதுங்க மாமா. இல்லே, பேனாவை இப்படிக் குடுங்க."

எழுதினேன். மணியை அடித்தேன். மூன்று புள்ளியில் தோற்றோம். ஆனால் ஐந்து பேராகத் தோற்றோம்.

மார்ச் 1

சீசன் முடிந்தது. டெலேனி ஆடியது ஆறு ஆட்டம். இரண்டில் வெற்றி. ஒரு ஆட்டத்தில் பத்தொன்பது புள்ளி. ஊரில் நான் தொண்ணூறு என்று சொல்லி வைத்திருக்கிறேன்.

ஏப்ரல் 17

சட்டம் நிறைவேறியது.

இந்த இலையுதிர் காலத்திலிருந்து சேருகிறவர்களுக்கு மட்டும்.

ஏப்ரல் 18

தூங்கவில்லை. ஆறு ஆட்டத்துக்கு ஒரு சீசன்! என் வாய்தானே காரணம்? எதற்கு அந்தப் பேனாக் கதை, எதற்கு? அவளிடம் போய், "என்னாலதான் கண்ணு," என்றேன்.

"நீங்க சொன்னதை நம்பி எறங்கினேன்னு நெனச்சீங்களா? மழை வரும்னு நீங்க சொன்னா குடையை வீட்ல வெச்சுட்டுப் போறவ நான்."

"வருத்தமே இல்லியா?"

"இருக்கு. நேத்து அழுதேன். ஆனா நாளைக்கே திரும்ப நாலு பேர் நின்னாலும் எறங்குவேன்."

சங்கத்துக்குப் பதினோரு பக்கக் கடிதம் எழுதினேன். முதல் வரியே போர்ப் பிரகடனம். பதில் வராது என்று தெரியும், தபாலில் போட்டேன்.

மே 9

பதில் வந்தது! ஒரே வரி. விதி விதிதானாம். பன்னிரண்டு பக்கத்தில் மறுகடிதம் போட்டேன்.

ஜூன் 2

காலை ஆறு மணிக்குக் கல்லூரிக் காவலாளி போன் செய்தான். கோடைக்காக அரங்கைப் பூட்டிய பிறகு ஒரு பெண் ஜன்னல் வழியே உள்ளே ஏறிக் குதித்து ஒரு மணி நேரமாகப் பந்தைக் கூடைக்குள் போட்டுக்கொண்டிருக்கிறாளாம். கேட்டால், மூன்று சீசன்தான் இருக்கிறது, நேரமில்லை என்கிறாளாம்.

"உங்க சொந்தக்காரப் பொண்ணாமே. வெளிய அனுப்பட்டுமா சார்?"

"முடிஞ்சா அனுப்பிப் பாரு," என்றேன்.