லத்தீப் அண்ணன் தராத படிவம்

திண்டுக்கல்,
7.11.2004

மரியாதைக்குரிய லத்தீப் அண்ணன் அவர்களுக்கு,

ராயப்பராஜ் மனைவி ஆனந்தமேரி எழுதுவது. ஆண்டவர் அருளால் நாங்கள் நால்வரும் நலம். திருச்சியில் தம்பி வீட்டில் உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது? நோன்பு நாளில் சர்க்கரை மாத்திரையை நேரம் மாற்றிச் சாப்பிடுகிறீர்களா? நீங்கள் மில் ஆபீசிலிருந்து ரிட்டையர் ஆன அன்று நான் வந்து பார்த்திருக்க வேண்டும். வரவில்லை. காரணம் உங்களுக்குத் தெரியும்.

முதலில் நல்ல செய்தி. வீட்டுக்குக் கான்கிரீட் போட்டாயிற்று. போன வருஷம் ஜன்னல் மட்டத்தோடு நின்ற அதே சுவர்தான். மழைக்கு முன்னால் மூட முடியுமா என்று ஜெபமாலையும் கையுமாகக் கிடந்தபோதுதான், இவர் மில் மேனேஜரோடு சண்டை போட்டு வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். பி.எஃப். பணத்தை எடுத்துக் கூரை போட்டுவிடலாம் என்று நான்தான் ஆபீசில் அந்தக் கணக்கைப் பார்த்துவந்த உங்களிடம் ஓடி வந்தேன்.

நீங்கள் படிவம் தரமாட்டேன் என்றீர்கள். "இன்னும் மூணு மாசம் கெடக்கும்மா. அஞ்சு வருஷம் முடியாம எடுத்தா, கம்பெனி போட்ட பணத்துக்கும் வட்டிக்கும் வரி பிடிச்சிருவாக" என்றீர்கள். நான் ஒப்புக்கொள்ளவில்லை. என் வரவுசெலவு நோட்டில் ஐந்து தீபாவளி போனஸ் எழுதியிருந்தது. மில்லுக்குப் போகிற வீடுகளில் போனஸை வைத்துத்தானே சர்வீஸை எண்ணுவோம்? 98 தீபாவளிக்குப் பதினைந்து நாள் முன்னால் வேலைக்குச் சேர்ந்தவர், இனிப்புப் பெட்டியும் இருநூறு ரூபாயும் கொண்டுவந்தார். பதினைந்து நாள் வேலைக்குக் கிடைத்த அதையும் முதல் போனஸ் என்று எழுதி, ஒரு முழு வருஷமாக எண்ணியவள் நான். என் நோட்டு தப்பாது என்ற கர்வம்.

அந்தக் கர்வத்தில்தான் மில் கேட்டில் அத்தனை பேர் முன்னால், "பிள்ளகுட்டி இருந்தாத்தான இந்தக் கஷ்டம் தெரியும்" என்று சொல்லிவிட்டேன். நீங்கள் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தீர்கள். உங்கள் ஒரே மகள் ஐந்து வயதில் தவறியதை வீட்டுக்கு வந்த பிறகுதான் இவர் சொன்னார். அன்று உலை வைக்கவில்லை.

மூன்றாம் நாள், கொட்டுகிற மழையில் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் வந்து நின்றீர்கள். காய்கறிப் பைக்குள் படிவம். பணத்தை எடுக்கிற படிவம் அல்ல, வேடசந்தூர் பக்கத்து மில்லுக்குக் கணக்கை மாற்றுகிற படிவம். அங்கே இவருக்கு வேலைக்கும் சொல்லி வைத்திருந்தீர்கள். "ஏலே ராயப்பா, கோவத்த இங்கனயே விட்டுட்டு சர்வீஸ மட்டும் கூட்டிட்டுப் போ" என்றீர்களே, இவர் இன்றும் அதைச் சொல்லிச் சிரிக்கிறார். நான் அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. காபியைக்கூட மகள் ஜெஸ்ஸியிடம்தான் கொடுத்தனுப்பினேன்.

பழைய சர்வீஸும் புதியதும் சேர்ந்து அந்த அக்டோபரில் ஐந்து வருஷம் முடிந்தது. கணக்கு மாறி வரத்தான் நாளாயிற்று. இந்த ஜூனில் வீடு கட்ட முன்பணம் கேட்டோம். வரி என்று ஒரு ரூபாய் பிடிக்காமல் வந்து சேர்ந்தது. அன்றைக்கு என் பேச்சைக் கேட்டுப் படிவத்தைத் தந்திருந்தால், பிடித்ததுபோக வந்தது பாதிக் கூரைக்குத்தான் கண்டிருக்கும். நோட்டில் அந்த வரவுக்கு நேரே யாரிடமிருந்து என்கிற இடத்தில் உங்கள் பெயரை எழுதியிருக்கிறேன்.

டிசம்பர் 8, மாதா திருநாளன்று பங்குச் சாமியார் வந்து வீட்டை மந்திரிக்கிறார். இவர் இந்த மாதமே வைக்கலாம் என்றார். உங்கள் நோன்பும் பெருநாளும் முடியட்டும் என்று நான்தான் தள்ளி வைத்தேன். அய்யலூர் சந்தையில் கிடா பிடித்தாயிற்று. உங்கள் முறைப்படி ஓதி அறுக்கப் பேகம்பூரிலிருந்து பாய் ஒருவர் வருகிறார். நீங்கள் தயங்காமல் சாப்பிடலாம்.

ஜெஸ்ஸிக்குப் பத்து வயது. "மாமா எந்த பஸ்ஸுல வாராரு" என்று இப்போதே நச்சரிக்கிறாள். பால் காய்ச்சும்போது பக்கத்தில் நீங்கள்தான் நிற்க வேண்டுமாம். அது அவள் ஆசை மட்டும் அல்ல, அண்ணன்.

வேலை இருக்கிறது என்று எழுதிவிடாதீர்கள். திருச்சி பஸ்ஸை விட்டு நீங்கள் இறங்கி வரும்வரை புது அடுப்பைப் பற்றவைக்கமாட்டேன்.

தங்கை என்று எழுதிக்கொள்ள உங்கள் அனுமதியை வேண்டும்,
ஆனந்தமேரி