மச்சான் கைக்குள் நடக்கும் கலாட்டா

ஜூன் 9, திங்கள்

வெயில். காலையிலேயே மணலித் தொழிற்சாலைப் பக்கத்து நாற்றம். சட்டைப் பொத்தான் தெறித்தது. தொப்பை காரணமல்ல, நூல் மட்டம்.

ராயபுரம் டுடோரியல். அரியர் பிள்ளைகளுக்குக் கைனேஸ் பாடம். நடுவில் என் மனைவி சரோ போன்: "தம்பிய அட்ச்சிட்டாங்க, ஓடியா!"

தம்பி என்றால் என் மச்சான் தில்லி. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் லோடு இறக்குகிறவன். அங்கே எந்தக் கோஷ்டி முதலில் சங்கிலி மாட்டுகிறதோ அதற்குத்தான் லாரி. இன்று தில்லியும் எதிர்க் கோஷ்டிக் காசியும் ஒரே கொக்கியில் கை வைத்தார்கள். காசி இரும்பு பைப்பால் ஒரே போடு. தில்லிக்கு வலது முழங்கைக்குக் கீழே எலும்பு வெளியே. தில்லி இடது கையாலேயே அவன் பல்லைப் பேர்த்தான். ஒருத்தன் நாலு பேரைக் கூப்பிட, அந்த நாலு பேரும் ஆளுக்கு நாலு பேரைக் கூப்பிட, மார்க்கெட் முழுக்க மண்டை உடைப்பு. தகட்டில் காய்ந்த ரத்தம் துரு மாதிரி.

ரத்தம் நிற்க இவன் ஆட்களே கையைக் கட்டிவிட்டார்கள், லோடு கட்டுகிற முறையில். பெல்ட் சுற்றி, கம்பி விட்டு, முறுக்கி. அப்புறம் கண்டெய்னர் லாரி நெரிசல். ஆம்புலன்ஸ் நின்ற இடத்திலேயே. ஆஸ்பத்திரியில் அவிழ்த்தபோது கை கத்திரிக்காய் நிறம்.

லேடி டாக்டர்: "யாருங்க இப்படி முறுக்கினது?"

தில்லி கோஷ்டியின் மேஸ்திரி, பெருமையாக: "நான்தாம்மா. லாரியே கவுந்தாலும் அவுராது."

ஜூன் 10, செவ்வாய்

புழுக்கம். கை தலையணை சைஸ். அழுத்தம் குறைய இரண்டு பக்கமும் நீளமாகக் கிழித்துத் திறந்துவிட்டார்கள். எட்டிப் பார்த்த உயிரியல் வாத்தியாருக்கு (எனக்குத்தான்) மயக்கம். வார்டு ஆயா சோடா கொடுத்தாள். கேவலம்.

டா. சொன்னது: தசை பிழைத்தால் கை. இல்லாவிட்டால் எடுக்கணும்.

சரோ: "அதான் ரத்தம் திரும்ப ஓடுதே, அப்பால இன்னா கேடு?"

அதுதானடி ரெண்டாவது அடி என்றேன். பட்டினி கிடந்த செல்லுக்குள் ஆக்ஸிஜன் திடீரென்று பாய்ந்தால் அதுவே விஷம். உடனே கைனேஸ்கள் கிளம்பும். கைனேஸ் என்பது செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யிடமிருந்து ஒரு பாஸ்பேட்டைப் பிடுங்கி இன்னொரு புரதத்தின் மேல் ஒட்டுகிற ஆள். ஒட்டினால் அது முழித்துக்கொண்டு அடுத்ததை எழுப்பும். நேற்றைய மார்க்கெட்டேதான். இந்தக் கூச்சல் சீக்கிரம் அடங்கினால் செல் தன்னை ரிப்பேர் பண்ணிக்கொண்டு பிழைக்கும். ஜே.என்.கே. மாதிரி சிலது விடாமல் கத்திக்கொண்டே இருந்தால் செல் தன்னையே கொன்றுகொள்ளும். ஒட்டினதைப் பிய்த்து அடக்குவது பாஸ்பட்டேஸ்.

"அப்போ உள்ள போலீசு கீதா?"

"இருக்கு. லேட்டாத்தான் வரும்."

சிரித்தாள். பிறகு என் தோளில் முகம் வைத்து அழுதாள்.

ஜூன் 11, புதன்

தூறல். டா. இடுக்கியால் தசையைக் கிள்ளிப் பார்த்தார். துடித்தால் உயிர். ஒரு துண்டு கறுப்பு, துடிக்கவில்லை, வெட்டிப் போட்டார். மற்றது சிவப்பு. விரல்கள் மட்டும் அசையவில்லை.

வெளியே டீக்கடையில் மேஸ்திரி கோஷ்டி. கோணிப்பைக்குள் பைப்புகள்.

"சார், கை போச்சின்னு ஒரு வார்த்த சொல்லு. சாயந்தரத்துக்குள்ள காசிக்கு ரெண்டு கையும் இருக்காது."

"இன்னும் தெரியலப்பா" என்றேன், கோணிப்பைக்குக் குறுக்கே நின்று. முப்பது கிலோ அதிக எடையுள்ள பாஸ்பட்டேஸ்.

தில்லி: "பாடம்லாம் வோணாம் மாமா. கை நிக்குமா?"



ஜூன் 12, வியாழன்

வாங்க: துண்டு, பிளாஸ்க் மூடி, சரோ மாத்திரை. பஜ்ஜி (கணக்கில் சேராது).

விரல் அப்படியே. மேஸ்திரி இரண்டு தரம் கேட்டார். இரண்டு தரமும் "இன்னும் தெரியல" என்ற அதே பொய்யில்லாத பொய்.

ஜூன் 13, வெள்ளி

வெயில். காசி வந்தான்! டீக்கடைக் கோஷ்டிக்குத் தெரியாமல் பிணவறைப் பக்கமாகப் புகுந்து. கிழிந்த உதடு, முன்பல் இல்லை, கையில் சாத்துக்குடி. சரோ பிளாஸ்கால் மண்டையில் ஒன்று வைத்தாள். மூடி போச்சு, நேற்று வாங்கியது. நின்று வாங்கிக்கொண்டான்.

தில்லி: "கிட்ட வா."

குனிந்தான். தில்லி காலரைப் பிடித்து இழுத்தான். நான் ஓடிப் பிரிக்கப் போனேன்.

சரோ என் சட்டையைப் பிடித்து நிறுத்தினாள். "யோவ், எந்தக் கைன்னு பாரு!"

வலது கை.

"வுடாத தில்லி! புட்ச்சிகினே இரு!" என்று கத்திக்கொண்டு டாக்டரைத் தேடி ஓடினாள்.

டா. வந்து குனிந்து பார்த்தார். "இன்னும் அழுத்துங்க."

காசிக்குக் கண் பிதுங்கிவிட்டது. கழுத்தை இன்னும் கொஞ்சம் தாழ்த்திக் கொடுத்தான். "இறுக்கு மாமு... இன்னும்..."

மூன்று விரல் இறுக்குகிறது. சுண்டு விரலும் மோதிர விரலும் சும்மா கிடக்கின்றன. காலர் கிழிந்து தொங்குகிறது. காசி நகரவே இல்லை.