டாலியா மன்னிப்புக் கேட்க மாட்டாள்

செப்டம்பர் 14, 2017, வியாழன்

நாங்கள் கூடி எழுதும் கதை அறையில் இன்றும் சண்டை. எங்கள் டிவி தொடரின் நாயகி டாலியா ஒரு வக்கீல், கறுப்பினப் பெண், புருஷனை விட்டு வந்தவள். ஏழாவது பகுதியில் அவனிடமே போய் மன்னிப்புக் கேட்க வேண்டுமாம். சொல்வது கார்ல்டன். தொடரை நடத்துகிறவர். அவரும் எங்கள் இனத்து ஆள்தான், அதனால்தான் கூடுதலாக எரிகிறது.

"ஆம்பளை எப்படி இருக்கணும்னு உங்க எல்லார்கிட்டயும் ஒரு பட்டியல் இருக்கு ரெனெல். ஆறடி உயரம், பெரிய சம்பளம், சொந்த வீடு. முகம் பாக்குற கண்ணாடி மட்டும் ஒருத்திகிட்டயும் இல்ல."

துரோகம் பண்ணினவன் அவன். பொறுப்பு ஏற்க வேண்டியவள் இவளா? இந்த அட்லாண்டாவில் எங்கள் பெண்கள் இரண்டு வேலை பார்க்கிறார்கள், பிள்ளை வளர்க்கிறார்கள், சர்ச் சபையைத் தூக்கி நிறுத்துகிறார்கள். கொஞ்சம் மரியாதை கேட்டால் உடனே 'எதிர்பார்ப்பு அதிகம்'.

அறையில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது தன் சொந்த வாழ்க்கையில் நடந்ததைச் சொன்னால் அதை யாரும் எதிர்த்துப் பேசக் கூடாது. மஞ்சள் அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுவார்கள். அப்புறம் அது கதை.

நான் லவெலைச் சொன்னேன். மூன்று வருடம் என்னோடு இருந்தவன். சபையில் ஆண்கள் பாடகர் குழு, வெளிர்பச்சை டிரக், ஒத்திகை முடிந்து அந்த டிரக்கில் இன்னொருத்தி. கூட எழுதும் யோலாண்டா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அட்டையைக் கார்ல்டனே ஒட்டினார்.

டாலியா மன்னிப்புக் கேட்க மாட்டாள். ஜெயித்துவிட்டேன்.

செப்டம்பர் 15

ஜெயிச்சவ ஏன் இன்னிக்கு முழுக்க அந்தச் சுவருக்கு முதுகு காட்டி உக்காந்திருந்தேன்?

செப்டம்பர் 17

டிரக்கில் ஒருத்தியும் இல்லை. எழுதிவிட்டேன். இங்கேயாவது இருக்கட்டும்.

லவெலுக்கு ஆலையில் வேலை போனது. ஒரு பள்ளிக்கூடத்தில் தரை துடைக்கும் வேலைக்குப் போனான். அதைப் பற்றி வெட்கப்படவே இல்லை அவன். வெட்கப்பட்டது நான். என் தோழிகளின் விருந்தில் "நீங்க என்ன பண்றீங்க?" என்று கேட்டார்கள். அவன் சிரித்துக்கொண்டே சொன்னான். அவர்கள் என்னைத் திரும்பிப் பார்த்தார்களே, அந்தப் பார்வை. அடுத்த மாதம் அவனை அனுப்பினேன்.

வேலை போனவனை விட்டேன் என்றால் என்னைத் திட்டியிருப்பார்கள். இன்னொருத்தி என்றதும் கட்டிப்பிடித்தார்கள். இரண்டு வருடம் சொல்லிச் சொல்லி, அவள் நகப்பூச்சு நிறம்கூட எனக்குத் தெரியும்.

பிப்ரவரி 20, 2018, செவ்வாய்

ஏழாவது பகுதி இன்று வந்தது. டிரக்கைக்கூட அதே வெளிர்பச்சையில் பிடித்திருக்கிறார்கள். ஒன்பதே கால் மணிக்குள் சபையிலிருந்து நாலு பேர் செய்தி. 'அது லவெல்தானே?' நான் பதில் போடவில்லை. போடாததே பதிலாகிவிட்டது.

பிப்ரவரி 25, ஞாயிறு

எர்னஸ்டீன் அம்மா. லவெலைப் பெற்றவர். எங்கள் சபையில் வாசல் ஊழியம், வருகிறவர்களை வரவேற்று உட்கார வைப்பவர், வெள்ளை உடுப்பு, வெள்ளைக் கையுறை. ஏழு வருடம் முன்னால் கையைப் பிடித்து என்னை அங்கே அழைத்துப் போனவரும் அவர்தான். ஆராதனை முடிந்ததும் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். கையுறையைக் கழற்றினார்.

"கண்ணு, அவனை நான் அப்படி வளர்க்கல. அவன் அப்பன் இருபது வருஷம் எனக்குச் செஞ்சதை இவன் உனக்குச் செஞ்சிருக்கான். நான் பொறுத்துக்கிட்டேன், முட்டாள். நீ பொறுக்கல. அவனுக்குப் பதிலா நான் மன்னிப்புக் கேக்குறேன்."

நான் என்ன சொன்னேன்?

"பரவால்லம்மா."

பரவால்லம்மான்னு சொன்னேன். வாய் கூசாம சொன்னேன்டி நான்.

பிப்ரவரி 28

லவெல் போன் பண்ணினான். கத்துவான் என்று பயந்தேன். கத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு வர வேண்டாம் என்று அம்மா சொல்லிவிட்டாராம். பாடகர் குழுவிலும் அவன் பக்கத்து நாற்காலியில் யாரும் உட்காருவதில்லையாம்.

"என்னை விட்டுட்டுப் போன, சரி. உன் இஷ்டம். ஆனா எங்கம்மாவ ஏன் எடுத்துக்கிட்ட?"

வேறு ஒன்றும் கேட்கவில்லை. மணி அடித்தது, பிள்ளைகள் வெளியே வருவார்கள், வாளியை நகர்த்த வேண்டும் என்று வைத்துவிட்டான்.

மார்ச் 3

உண்மையைச் சொன்னால் யாருக்கு லாபம்? 'பார்த்தியா, பொம்பளைங்க பொய் சொல்றாங்க' என்று ஊரே சொல்லும். நிஜமாகவே ஏமாற்றப்பட்ட ஆயிரம் பேரை இனி எவன் நம்புவான்? என் ஒரு பொய்க்கு அவளுகளும் தண்டம் கட்டணுமா?

நியாயமான கேள்விதான். ஆனால் இதற்குப் பின்னால் ஒளிந்துகொள்வது சௌகரியமாக இருக்கிறதே, அதுதான் அசிங்கம்.

மார்ச் 6, செவ்வாய்

போனேன். எர்னஸ்டீன் அம்மா சமையலறையில் கீரை அலசிக்கொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். டிரக் பொய், அந்தப் பெண் பொய், தரை துடைக்கும் வேலைதான் காரணம். எல்லாம்.

அவர் தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத் தண்ணீர் பிடித்தார். மறுபடி அலசினார். மண் இல்லாத கீரையை.

"ரெண்டு தடவ சொன்னான், நான் செய்யலம்மான்னு. டிவில பாத்தேனேடான்னேன்." குழாயை மூடிவிட்டு, "பெத்த பிள்ளைகிட்ட அப்படிச் சொல்லிருக்கேன் நான்."

என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். 'நான் வளர்ந்ததே தரை துடைச்ச சம்பளத்துலதான், தெரியுமா உனக்கு?' என்றாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. நான் போகும்போது கதவைச் சாத்தப் பின்னால் வந்தார், அவ்வளவுதான்.

மார்ச் 8

கார்ல்டனிடமும் சொன்னேன். பெரிதாகச் சிரிப்பார் என்று நினைத்தேன். கண்ணைச் சுருக்கி யோசித்தார். பிறகு மஞ்சள் அட்டைக் கட்டை என் பக்கம் தள்ளினார்.

"இதான் அடுத்த சீசன். டாலியா பொய் சொன்னவ. நீயே எழுது."

"புருஷன்?"

"அவனைப் புனிதனாக்கிடுவோம்."

அந்தக் கதையில் அவளும் முழு மனுஷி இல்லை, அவனும் முழு மனுஷன் இல்லை. நான் எழுத மாட்டேன் என்றேன். வேறு ஆள் எழுதுவார்கள் என்றார். எழுதுவார்கள். யோலாண்டா தலை தூக்கிப் பார்க்கவே இல்லை.

மார்ச் 11, ஞாயிறு

சபைக்குப் போனேன். எர்னஸ்டீன் அம்மா சொல்லியிருப்பார், எல்லோருக்கும் உண்மை தெரிந்திருந்தது, லவெலின் இரண்டு பக்கமும் ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

வாசலில் எர்னஸ்டீன் அம்மா. என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். முதல் தடவை வருகிறவர்களுக்குக் கொடுக்கிற அட்டையை நீட்டினார். பேனாவும் கொடுத்தார்.

"வாங்க. உங்க பேரை எழுதிக் குடுங்க."

பெயர், முகவரி எழுதினேன். மூன்றாவது கேள்வி, உங்களை இங்கே அழைத்து வந்தவர் யார்?

எர்னஸ்டீன் கெய்ன்ஸ் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் படித்தார். மற்ற அட்டைகளோடு சேர்த்து வைத்துவிட்டு, கடைசி வரிசையைக் கை காட்டினார்.